மூக்குக்குக் கீழே நிழல்

மார்ச் 2

அண்ணிக்கு,

வணக்கம். இந்தப் பெட்டியைக் கவிழ்க்காமல் பிரிக்கவும். உள்ளே பதினான்கு விளக்குகள் இருக்கின்றன. பன்னிரண்டு மாட்டுவதற்கு, இரண்டு கைவசம் இருப்பதற்கு. ஒவ்வொரு விளக்கோடும் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி தனியாக வரும், அதற்கு டிரைவர் என்று பெயர். கரண்டை விளக்குக்குத் தகுந்த மாதிரி குறைத்துக் கொடுப்பது அதுதான். அது வேண்டாத பொருள் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிட்டு, விளக்கை நேரே ஒயரில் கொடுத்துப் புகைய வைத்தவர்கள் வாரம் ஒருவராவது எங்கள் கடைக்கு வருகிறார்கள்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். நாம் பேசினால் மூன்றாவது நிமிடம் நான் குரலை உயர்த்துவேன், நான்காவது நிமிடம் நீங்கள் "அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிடுவீர்கள். அண்ணனிடம் சொன்னால் உங்களிடம் வந்து சேர்வது வேறு செய்தியாக இருக்கும்.

மழைத் தண்ணீர் இறங்கி ஹால் கூரை பாழாகிவிட்டது, அதை மறைத்துக் கீழே ஜிப்சம் போர்டு அடிக்கிறோம், விளக்கை நீயே பார்த்து அனுப்பு என்று அண்ணன் கேட்டார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து வெளிச்சம் கூசுகிறது என்றும் சொன்னார். அதனால் பல்பு நன்றாக உள்ளே இறங்கியிருக்கும் ரகமாக எடுத்தேன். அண்ணாந்து பார்த்தாலொழிய விளக்கு இருப்பதே தெரியாது. வெளிச்சம் பரவாமல் நேராகக் கீழே இறங்கும். நிறம் லேசான மஞ்சள். இதற்காக மூன்று நாள் கிடங்கில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

படம் வரைந்து வைத்திருக்கிறேன். ஹாலில் எட்டு, சாப்பாட்டு மேஜைக்கு மேலே நான்கு. சுவரிலிருந்து இரண்டடி, ஒன்றுக்கொன்று நான்கடி. ஃபேன் இறக்கை சுற்றும் வட்டத்துக்குள் எதையும் வைக்கக்கூடாது. வைத்தால் இறக்கையின் நிழல் அறை முழுவதும் வெட்டி வெட்டி ஓடும். ஓட்டை எண்பத்தைந்து மில்லிமீட்டர், அதற்கு மேல் போகக்கூடாது. பக்கச் சுவரில் இருக்கும் பழைய டியூப்லைட்டைத் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். நான் வரைந்து கொடுக்கும் ஹோட்டல்கள் எல்லாவற்றுக்கும் இந்த ரகம்தான் போகிறது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

பாப்பா

*

மார்ச் 13

பாப்பாவுக்கு,

முப்பத்தொன்பது வயதிலும் இந்த வீட்டில் உனக்கு இதுதான் பெயர், நான் என்ன செய்ய.

விளக்கு வந்தது, ஒன்றுகூட உடையவில்லை. மாட்டியும் ஆகிவிட்டது. எலக்ட்ரீஷியன் உன் படத்தைப் பார்த்துவிட்டு, "இவங்க இன்ஜினியரா?" என்று கேட்டார். "இல்ல, என் நாத்தனார்" என்றேன். அதற்கப்புறம் அளவு விஷயத்தில் வாயே திறக்கவில்லை.

வாய் திறக்கவில்லையே தவிர, முதல் இரண்டு ஓட்டையை நூறு மில்லிமீட்டரில் போட்டுவிட்டார். வட்டமாக வெட்டும் ரம்பத்தில் அவரிடம் இருந்தது அந்த அளவுதான். விளக்கை உள்ளே தள்ளினார், அது மரியாதையாகத் திரும்பி வந்து உன் அண்ணன் மடியில் விழுந்தது. உன் அண்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இது எந்த இடத்துல வரணும்?" என்று கேட்டார். அவர் வாழ்க்கையில் வீட்டு வேலைக்குச் செய்த ஒரே உதவி அது. பிறகு சரியான ரம்பம் வாங்கி வந்து மீதியை ஒழுங்காக வெட்டினார்கள். பெரிய ஓட்டை இரண்டுக்கும் ஒரு வளையம் வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

தூசி என்றால் தூசி. எலக்ட்ரீஷியன் மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டுக்கொண்டு ஏணியில் நின்றார். அத்தை நடு ஹாலில் நாற்காலியை விட்டு நகரவில்லை. அவர் ஏதோ கேட்டார், அத்தை பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். "முதல்ல முகத்தைத் திறந்துட்டு மனுஷன் மாதிரி பேசுப்பா" என்று ஒரு அதட்டல். பாவம், மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் தண்ணீர் கேட்டார்.

ஹால் நன்றாக இருக்கிறது. வஞ்சனையில்லாமல் சொல்கிறேன். எதிர்வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, துணிக்கடை மாதிரி இருக்கிறது என்றார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். டியூப்லைட்டையும் கழற்றிவிட்டோம், அது இருந்த இடத்தில் சுவர் நாலடி நீளத்துக்கு வெளுப்பாக இருக்கிறது.

ஒரே ஒரு குறை, அத்தைக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. வாய் திறந்து சொல்லமாட்டேன் என்கிறார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் முன்பெல்லாம் அவர் பேச்சை நிறுத்த முடியாது. இப்போது கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டுகிறார். நாலு நாளாகத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுகிறார். கேட்டால், "இங்க காத்து வருது" என்கிறார். புது ஏற்பாடு பழக நாளாகும் என்று விட்டுவிட்டேன். உனக்குக் காரணம் தெரிந்தால் எழுது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணி

*

மார்ச் 24

அண்ணிக்கு,

அண்ணன் நேற்று போன் செய்தார். வழக்கமாக "அங்க மழையா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறவர், இருபது நிமிடம் பேசினார். அம்மாவுக்கு நினைவு தப்புகிறது என்கிறார். ஒன்று கேட்டால் இன்னொன்று சொல்கிறாளாம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். நினைவு தப்பியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். சுத்தமாக இருக்கிறதாம். அடுத்த மாதக் கடைசிக்குள் பிள்ளைகள் இரண்டு பேரும் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டால் ஒரு இடம் காலியாக இருக்கிறதாம்.

நீங்கள் எனக்கு எழுதியது, காற்று வருகிறது என்று.

அண்ணி, அந்த ஹாலில் ஆறு பேர் உட்காரும் மேஜை இருக்கிறது. அம்மா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய மேஜை. அவள் சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறாள் என்று அண்ணன் சாதாரணமாகச் சொல்கிறார். அவளை யார் அங்கே அனுப்பினார்கள், எப்படி அனுப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை. சில விஷயங்களை வாயால் சொல்லித்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. ஃபாரத்தை அனுப்பச் சொல்லிவிட்டேன், கையெழுத்துப் போடுகிறேன். அங்கேயாவது மேஜையில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுவார்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தின் கடைசி வரி. இதுவரை பொறுத்துக்கொண்டேன், இனிமேல் முடியாது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல் என்று ஒவ்வொரு தடவையும் எழுதுகிறீர்களே, குத்திக் காட்டுவதற்கு வேறு வழி கிடைக்கவில்லையா? அவரும் நானும் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. கோர்ட்டில் முடிந்த அன்றே அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, விட்டு விட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அம்மா சொன்ன பதில் எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "ரொம்ப நல்லதும்மா, ரெண்டு பேரும் உடம்பைப் பாத்துக்கோங்க." வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒருவராவது கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டீர்களா? சரி, வெட்கக்கேடு என்று நினைக்கிறீர்கள், மூடி மறைக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். அதனால்தான் ஊருக்கு வரவில்லை. ஆனால் அந்தக் கடைசி வரியை இனி எழுதாதீர்கள்.

பாப்பா

*

ஏப்ரல் 3

பாப்பா,

முதலில் ஒன்று. எங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, உன் அண்ணனுக்கும் தெரியாது. நீ தனியாக இருக்கிறாய் என்பதே உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரியும். கடைசியில் அந்த வரியை எழுதியதெல்லாம் நான் மரியாதைக்கு எழுதியது. அதை நீ எப்படிப் படித்திருப்பாய் என்று இப்போதுதான் புரிகிறது.

இரண்டாவது, சமையலறை. அத்தையை நான் அனுப்பவில்லை, அவராகப் போனார். பதினாறு வருடம் ஒரே பாத்திரத்தில் சோறு வடித்துச் சாப்பிட்டிருக்கிறோம். நீ ஒரு வரியில் எழுதிவிட்டாய். படித்துவிட்டு அழுதேன். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்திருக்கிறது, அதனால் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் ஹாலில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். "பாப்பா உங்ககிட்ட போன்ல ஒரு விஷயம் சொன்னாளாமே, மூணு வருஷம் முன்னாடி. ஏன் எங்ககிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். அத்தை என் முகத்தை உற்றுப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு, "ஆமாம்மா, துணியெல்லாம் மடிச்சு வெச்சுட்டேன்" என்றார். உன் அண்ணன் பேப்பருக்கு மேலே என்னைப் பார்த்தார். பார்த்தாயா, நான் சொன்னேனே என்ற பார்வை. எனக்கும் அவர் சொல்வதுதான் சரி என்று பட்டுவிட்டது. ஃபாரத்தைக் கவரில் போட்டு விலாசம் எழுதினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெரிய ஓட்டையில் ஒப்பேற்றிய விளக்கு இரண்டும் தொங்க ஆரம்பித்துவிட்டதால் எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருந்தேன். மெயினை அணைத்துவிட்டார். ஹாலில் ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான். அவர் ஏணியில் பாதியில் உட்கார்ந்து ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தார், ஜன்னலுக்கு நேராக முகம். அத்தை பேச ஆரம்பித்தார். எத்தனை குழந்தை, எந்தப் பள்ளிக்கூடம், வாடகை வீடா, மாமியார் கூட இருக்கிறாரா என்று ஒரு மணி நேரம். கேள்விக்குக் கேள்வி, பதிலுக்குப் பதில், ஒரு வார்த்தை பிசகவில்லை. நான் கையில் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவருக்கா நினைவு தப்பிவிட்டது?

பிறகு அவர் வெட்டுவதற்காக மாஸ்க்கைப் போட்டார். போட்டுக்கொண்டே எதையோ சொன்னார். அத்தை முகம் அப்படியே அணைந்துவிட்டது. "ம்" என்று தலையை ஆட்டினார்.

நான் லேபில் ரத்தம் பார்க்கிறவள். ஒரு தடவை வந்த ரிசல்ட்டை நம்பி ரிப்போர்ட் கொடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. எலக்ட்ரீஷியன் போனதும் அத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தலையணை உறை மாட்டிக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்று, "அத்தை, நாளைக்கு பாப்பா வர்றா" என்றேன். உறை மாட்டிக்கொண்டே இருந்தார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். மூன்றாவது தடவை சொன்னது எதிர்வீட்டுக்கே கேட்டிருக்கும். அத்தை தலையணையைத் தட்டிச் சரிசெய்தார்.

முன்னால் போய் நின்றேன். இந்தத் தடவை சத்தமே வராமல், உதட்டை மட்டும் அசைத்தேன். நாளைக்கு பாப்பா வர்றா.

தலையணை கீழே விழுந்துவிட்டது. "எப்போ? காலைலயா? எத்தனை மணிக்கு?" என்று எழுந்தேவிட்டார்.

பொய் சொல்லிவிட்டேன் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது, நீ வருகிறாய் என்றால்தான் அவர் நிச்சயம் திரும்புவார் என்று அதைச் சொன்னேன். அத்தைக்கு நான் என்ன சோதித்தேன் என்று ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. கீழே கிடந்த தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

நீங்கள் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் அத்தை மில்லுக்குப் போனது உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம், ஒரே கொட்டகையில் முந்நூறு தறி. பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காதாம். அதனால் அங்கே எல்லாரும் வாயசைவில்தான் பேசுவார்களாம். அந்தக் கோடியில் நிற்பவளோடு இந்தக் கோடியிலிருந்து வம்பு பேசலாம், தொண்டை வலிக்காது. "சூப்பர்வைசர் திரும்பி நின்னா அவரை என்ன வேணா சொல்லலாம்" என்று அந்த நேரத்திலும் சிரித்தார். காது எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை. மில்லை விட்டு வீட்டில் உட்கார்ந்தபோது, தெருவில் ஏன் இவ்வளவு அமைதி என்று நினைத்தாராம். அப்புறம்தான் புரிந்ததாம்.

"ஏன் அத்தை சொல்லலை?"

"எதுக்கு சொல்லணும்? செவிடுன்னு தெரிஞ்சா பக்கத்துல வந்து கத்துவீங்க, இல்லைன்னா பேசறதையே விட்டுடுவீங்க. நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சு, நீங்க லைட்டை மாத்துற வரைக்கும்."

உன் விளக்குக்குக் கீழே எல்லாரும் கறுப்பு மீசை வைத்த மாதிரி இருக்கிறோமாம், நான் உட்பட. அன்று சாயங்காலம் உன் அண்ணனை மேஜையில் உட்கார வைத்துப் பார்த்தேன். நெற்றியில் வெளிச்சம், மூக்கு நுனியில் வெளிச்சம், அதற்குக் கீழே ஒரே நிழல். வாய் இருக்கிற இடமே தெரியவில்லை. பழைய டியூப்லைட் பக்கச் சுவரில் தலை உயரத்தில் இருந்தது, முகத்தில் நேராக அடிக்கும். சமையலறையில் இன்னும் அப்படி ஒன்று இருக்கிறது. காற்றுக்காக அவர் அங்கே போகவில்லை. நான் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுவதை அங்கேதான் பார்க்க முடிந்திருக்கிறது.

காது டாக்டரிடம் போய் வந்தோம். இடது காது சுத்தமாகக் கேட்கவில்லை, வலது காது கொஞ்சம் கேட்கிறது. மெஷின் வைத்தால் சத்தம் வரும், ஆனால் வார்த்தை பிரியாது, வாயையும் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றார். நினைவெல்லாம் கச்சிதமாக இருக்கிறதாம். ஃபாரத்தை உன் அண்ணனே கிழித்தார். கிழிக்கும்போது அத்தைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். எதற்கு என்று எனக்குத் தெரியும், அத்தைக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது உன் விஷயம். போனில் பாப்பா பேசுவது எப்படிக் கேட்கும் என்று கேட்டேன். "குரல் மாதிரி ஒண்ணு வரும். அது நின்னா நான் பேசுவேன்" என்றார். எப்போதும் அதே நாலு வரிதானாம். ரொம்ப நல்லதும்மா, உடம்பைப் பாத்துக்கோங்க, வேளைக்குச் சாப்பிடுங்க, வெச்சுடறேன். வீடியோவில் வரச் சொல் என்று உன் அண்ணன் மூலம் எத்தனையோ தடவை கேட்டாராம், வேலை முடிந்து வந்த முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று நீ மறுத்துவிடுவாயாம்.

பஸ் ஸ்டாப்பில் நின்று நீ சொன்ன எதையும் அவர் கேட்கவில்லை, பாப்பா. நான் இன்னும் சொல்லவில்லை.

அண்ணி

*

ஏப்ரல் 12

அண்ணிக்கு,

விளக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொல்லத் தெரிந்தது அதுதான்.

மேஜைக்கு மேலே இருக்கும் நான்கையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் பால் வெள்ளை மூடி போட்ட, அகலமாக வெளிச்சம் பரப்பும் ரகம் வேண்டும். நான்கு அனுப்பியிருக்கிறேன், ஓட்டை அதே அளவு. கூட இரண்டு சுவர் விளக்கு. அவற்றை உட்கார்ந்தவர் தலை உயரத்துக்கு, மேஜையின் இரண்டு பக்கச் சுவரிலும் மாட்டச் சொல்லுங்கள். மேஜைமேல் இருக்கும் கறுப்பு விரிப்பை எடுத்துவிட்டு வெள்ளை விரியுங்கள், வெளிச்சம் அதில் பட்டு முகத்துக்கு மேலேறி வரும். பகலில் அம்மா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும். அவளுக்குக் கூசாது, மற்றவர்கள் முகமும் தெரியும்.

ஹோட்டல்காரர்கள் என்னிடம் முதலில் சொல்வதே, தட்டு பளிச்சென்று தெரியவேண்டும், பக்கத்து மேஜைக்காரர் முகம் தெரியக்கூடாது என்பதுதான். பதினோரு வருடமாக முகத்தை மறைக்க வெளிச்சம் போடுகிற வேலை. நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அதையே பாசமாகப் பொட்டலம் கட்டி அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

சமையலறையைப் பற்றி நான் எழுதியது தப்பு. கோபத்தில் எழுதினேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை, யோசித்துத்தான் எழுதினேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. கேட்கிறேன்.

மூன்று வருடம் அம்மாமேல் கோபமாக இருந்தேன், அண்ணி. காலையில் எழுந்தால் பல் தேய்ப்பது மாதிரி அதுவும் ஒரு வேலை. இப்போது அதற்கு ஆள் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் லீவு போட்டேன். லீவில் ஒன்றும் செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஒரு யோசனை தோன்றுகிறது. அம்மாவுக்குத் தெரியவே வேண்டாம் என்று விட்டுவிட்டால் என்ன? அவளுக்கு எழுபத்தொரு வயது. நானும் அவரும் உடம்பைப் பார்த்துக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே இருக்கட்டுமே. இல்லை, சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் நீங்கள் சொல்லிவிடுங்கள். நீங்கள் தினம் எதிரில் இருப்பவர், உங்கள் வாய் அவளுக்குப் பழகியது. என்னால் இரண்டாவது தடவை சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. முதல் தடவை சொன்னதற்கே இன்னும் எழுந்திருக்கவில்லை.

பாப்பா

*

ஏப்ரல் 22

பாப்பாவுக்கு,

புது விளக்கு மாட்டியாகிவிட்டது. எலக்ட்ரீஷியன், "உங்க நாத்தனார் மனசு மாறிக்கிட்டே இருக்குமா?" என்றார். "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு" என்றேன். இந்தத் தடவை மாஸ்க் போடும் முன்னால் அவராகவே அத்தையிடம், "பத்து நிமிஷம் பேச மாட்டேன்மா" என்று சொல்லிவிட்டுப் போட்டார்.

ஹால் இப்போது துணிக்கடை மாதிரி இல்லை, டாக்டர் கிளினிக் மாதிரி இருக்கிறது. எல்லார் முகத்திலும் பருவும் சுருக்கமும் தெரிகிறது. எனக்குக் கண்ணுக்குக் கீழே இவ்வளவு கறுப்பு இருப்பதை உன் விளக்கில்தான் பார்த்தேன். ஆனால் அத்தை மேஜைக்கு வந்துவிட்டார். முதல் நாளே உன் அண்ணன் குழம்பைப் பற்றி வாய்க்குள் முணுமுணுத்ததைப் பிடித்து, "உப்பு சரியாத்தான் இருக்கு, சாப்பிடு" என்றார். இருபத்திரண்டு வருட மில் சர்வீஸ். உன் அண்ணன் இப்போது முணுமுணுக்க வேண்டுமென்றால் பால்கனிக்குப் போகிறார்.

இனி நீ கேட்டது. நான் சொல்ல மாட்டேன்.

கோபத்தில் சொல்லவில்லை. அந்தக் கோபம் உன் கடிதத்தின் நடுப்பக்கத்திலேயே போய்விட்டது. ஆனால் இது நீ அவரிடம் கொடுத்த செய்தி, வழியில் தொலைந்துவிட்டது. இன்னொருத்தி கையில் கொடுத்தால் மறுபடி தொலையும். நான் சொன்னால், என்னிடம் ஏன் அவள் சொல்லவில்லை என்றுதான் முதலில் கேட்பார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

தெரியவே வேண்டாம் என்கிறாயே, அதையும் யோசித்துப் பார்த்தேன். தினம் சாப்பிடும்போது, "மாப்பிள்ளைக்கு அந்த முதுகு வலி தேவலையாமா?" என்று கேட்கிறார். முன்பு என்றால் தெரியாமல் ஏதோ சொல்லிவிடுவேன். இப்போது எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து, உள்ளே பார்த்துக்கொண்டு பதில் சொல்கிறேன், வாய் தெரியாமல் இருப்பதற்காக. காது கேட்காத மனுஷியிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவது எவ்வளவு கேவலமான காரியம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். மூன்று தடவை செய்துவிட்டேன். நாலாவது தடவை என்னால் முடியாது. அத்தைக்கும் சந்தேகம் வந்துவிட்டது, ஃப்ரிட்ஜில் அப்படி என்ன இருக்கிறது என்று நேற்று திறந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உன் அண்ணனின் டேப்லெட்டை மேஜையில் நிறுத்தி வைத்துவிட்டு, நானும் அவரும் காய்கறி வாங்கப் போகிறோம். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். நீ கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம். கூப்பிட்டால் விளக்கு உனக்குப் பின்னால் இல்லாமல் முன்னால் இருக்கட்டும். உன் தொழிலை உனக்கு நான் சொல்லித் தருகிறேன், பார்.

அண்ணி

*

மே 1

அண்ணிக்கு,

நீங்கள் திரும்பி வந்தபோது அம்மா என்ன சொன்னாள், எவ்வளவு சொன்னாள் என்று தெரியாது. அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மேஜை விளக்கைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்து, நான் அதைப் பார்த்து உட்கார்ந்தேன். தலை வாரிக்கொண்டேன், பவுடர் போட்டுக்கொண்டேன், பிறகு அழித்துவிட்டேன். இப்போது நான் இருப்பது இரண்டு பேர் சேர்ந்து எடுத்திருக்கும் வீடு. அடுத்த அறையில் அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள், சுவர் வெறும் பலகை. அதனால் சத்தம் போடாமல், உதட்டை மட்டும் அசைத்துத்தான் பேசினேன். அப்படிப் பேசினால் தொண்டை அடைக்காது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு தடவைகூட நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். கோர்ட், வீடு காலி செய்தது, பஸ் ஸ்டாப், எல்லாம்.

அம்மா குறுக்கே பேசவில்லை. கண்ணை என் வாயிலிருந்து எடுக்கவே இல்லை. முடிந்ததும், "மூணு வருஷமா தனியாவா இருக்கே?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் திரையைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அங்கே தூசி ஒன்றும் இருந்திருக்காது, நீங்கள் துடைத்துத்தான் வைத்திருப்பீர்கள்.

பிறகு கேட்டாள். "அன்னிக்கு போன்ல நான் என்ன சொன்னேன்?"

அண்ணி, இதற்கு நான் தயாராக வரவில்லை. எப்படி ஆரம்பிப்பது, எதைச் சொல்வது, எதை விடுவது என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். இதை அவள் கேட்பாள் என்று நினைக்கவே இல்லை. தான் எதையோ கேட்காமல் எதையோ சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தை அப்படித் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக எனக்கு மனப்பாடமாக இருக்கும் வரி, அட்சரம் பிசகாமல் சொல்லியிருக்கலாம்.

"'கிளம்பி வந்துடு'ன்னு நீ சொன்னேம்மா" என்றேன்.

உங்களுக்கு உண்மை தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும். காட்டிக்கொடுத்துவிடாதீர்கள், ஃப்ரிட்ஜைத் திறந்தாவது சமாளித்துவிடுங்கள்.

அம்மா தலையை ஆட்டினாள். அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்கிற மாதிரி ஆட்டினாள். பிறகு என்னைத் திட்டுவதற்கு என்று வைத்திருக்கும் அந்தப் பழைய குரலில், அடுத்த அறைப் பெண் எழுந்துவிடும் அளவுக்குச் சத்தமாகக் கேட்டாள்.

"அப்புறம் ஏன் வரலை?"

பதினெட்டாம் தேதி வருகிறேன்.

பாப்பா